பொருந்தாப் பொருளும் கொள்வோன் உரிமையும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது ஆகுபெயர் பற்றியதொரு கட்டுரை. அதனை எழுதுதற்கென ஆசிரியர் அறையில் அமர்ந்த அன்று, எதிரே மூலையிற் துணி போர்த்து வைக்கப்பட்டிருக்கும் பழைய அச்சுப்பொறி கண்ணிற் பட்டது. அதன் கதையைப் பழைய மாணவர் சங்கத்தார் சிறிது அறிவர், முழுவதும் அறியார். அவர்கள் உவந்தளித்த பணத்தைக் கையிற் கொண்டு கடைக்குச் சென்றவர் யாமே ஆதலின், அதனை எழுதும் கடனும் எம்முடையதே. ஆகுபெயர் அடுத்த மலர்வரை காத்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரி நூலகத்திற்கும் பரீட்சைப் பகுதிக்கும் பொதுவாக ஒரு கணினி வாங்குதற்குச் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளையொன்று பணம் அனுப்பிற்று. (கணனி என எழுதுவோரும் எம்மிடையே உளர். அவ்வழக்கை ஈண்டு எடுப்பின் கட்டுரை முடிவு பெறாது.) யாம் நகரத்துக் கடையொன்றிற்குச் சென்று, நண்பர் ஒருவர் துண்டிற் குறித்துத் தந்த பெயரையும் மாதிரி இலக்கத்தையும் காட்டி, இதுவே வேண்டும் என்றோம். கடைக்காரர் அதனையே தந்தார். கல்லூரிக்கென்றபடியால் விலையிலும் சிறிது குறைத்தார். புத்தம் புதிய பொருள். ஒரு கீறல்தானும் இல்லை.

கொண்டுவந்து பொருத்திய பின்னரே துன்பம் தொடங்கிற்று. பல்லாண்டாக உழைத்துவந்த அச்சுப்பொறி புதுக் கணினியோடு பேச மறுத்தது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைத் தொகுத்து நிரைப்படுத்துதற்குப் பழைய மாணவர் ஒருவர் முன்னொரு காலத்தில் அன்போடு எழுதித் தந்த நிரல் திறக்கவே இல்லை. பழைய மலர்களின் பக்கங்களைத் திறந்தாலோ, தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் குழம்பிக் கிடந்தன.

காரணம் பின்னர் விளங்கிற்று. எம் கணினியில் இருந்தது 64 பிட் விண்டோஸ். புள்ளித்தொகுப்பு நிரலோ 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரலை இயக்குவதில்லை. அஃது அதன் அமைப்பு, பழுதன்று. அச்சுப்பொறியைக் கணினிக்கு அறிமுகஞ் செய்யும் சிறு மென்பொருளொன்று உண்டு. அதனை 32 பிட் விண்டோசுக்கு மாத்திரமே அதன் உற்பத்தியாளர் ஆக்கியிருந்தனர். மலர்ப் பக்கங்களின் செய்தி வேறு. அவை பாமினி எழுத்துருவில் அச்சுக்கோக்கப்பெற்றவை. பாமினியில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இருக்கையில் அமர்ந்திருப்பன. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலமே தோன்றும். எழுத்துருவை நிறுவியவுடன் இது தீர்ந்தது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிருக்கை அளிக்கப்பட்டது. அவ்வழி எழுதியதை இன்று எக்கணினியும் தமிழாகவே காட்டும். அவ்வாறிருந்தும் பாமினியை விடாது பற்றிநிற்போருள் யாமும் ஒருவராயிருந்தோம் என்பதை ஒளிப்பதிற் பயனில்லை.

மீண்டும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டபின், “மாஸ்ரர், மிசினிலை ஒரு பிழையுமில்லை. உங்கடை பிறின்ரர் பழசு. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். அவர் தலைக்கு மேலே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்னும் பலகை தொங்கிற்று.

அவர் கூறியது பொய்யன்று. இவ்விடத்திலேதான் இப்பொருளின் முடிச்சு உள்ளது. உடைந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது எல்லார்க்கும் விளங்கும். ஈண்டோ கணினியும் நன்று, அச்சுப்பொறியும் நன்று; இரண்டும் சேர்ந்தாற் பயனில்லை. மணமகன் வீட்டாரும் நல்லவர், மணமகள் வீட்டாரும் நல்லவர், பொருத்தம் மாத்திரம் பார்க்கவில்லை என்றாற்போன்ற நிலை. உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். அஃது உறுப்புப் பழுதுபட்டால் திருத்தித் தருவதைப் பற்றியே பேசிற்று. பொருந்தாமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. உத்தரவாதம் உண்டுதானே என்று எம்மவர் நெஞ்சில் கைவைத்திருப்பது பெரும்பாலும் இவ்விடயத்தில் உதவாது.

அவ்வாறாயின் சட்டம் என் சொல்கின்றது? யாம் சட்டத்தரணி அல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயின்று தமிழ் கற்பிப்பவர். எனினும் தோற்றவனுக்குப் படிப்பார்வம் மிகும்.

இலங்கையிற் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இஃது இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றியது. கொள்வோன் தன் கண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளக் கடவன் என்பதே அதன் அடிப்படை. மாட்டுச் சந்தையிற் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியும் எண்ணி வாங்கும் எம் முன்னோர்க்கு இவ்விதி புதிதன்று. ஆயின் அவ்விதிக்கு விலக்குகள் உண்டு. பொருளை இன்னதென விவரித்து விற்றால் பொருள் அவ்விவரத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். கொள்வோன், எந்நோக்கத்திற்காகப் பொருள் வேண்டும் என்பதை விற்போனுக்கு உணர்த்தி, அவனுடைய அறிவையும் தேர்ச்சியையும் நம்பி வாங்குவானாயின், அப்பொருள் அந்நோக்கத்திற்குத் தக்கதாயிருத்தல் வேண்டும். இஃது எழுதப்படாவிடினும் ஒப்பந்தத்தினுள் உட்கிடையாய் உள்ள நிபந்தனை.

இவ்விரண்டாம் விலக்கே பொருந்தாமைக்கு மருந்து. ஆனால் அதனுள்ளும் ஒரு முள் உண்டு. குறித்ததொரு பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கியவனுக்கு, குறித்த நோக்கத்திற்குத் தக்கதாதல் வேண்டுமென்ற நிபந்தனை இல்லை என்று அப்பிரிவே கூறுகின்றது. அதனை முதன்முறை வாசித்தபோது எமக்கு முகம் வெளிறிற்று. பெயரும் மாதிரி இலக்கமும் எழுதிய துண்டைக் காட்டி, இதுவே வேண்டும் என்று கேட்டவர் யாம் அல்லேமா? அச்சுப்பொறியைப் பற்றியோ புள்ளி நிரலைப் பற்றியோ வாய் திறந்தோமா? இல்லை.

இதனை நன்கு விளக்கும் இங்கிலாந்து வழக்கொன்று உண்டு. போல்ட்றி எதிர் மார்ஷல் என்பது அது. வாங்கியவர், வசதியாகச் சுற்றுலாச் செல்லத்தக்க மோட்டார் வண்டி வேண்டும் என்று கேட்டார். விற்றோர் புகாட்டி என்னும் வண்டியைச் சிபாரிசு செய்தனர். வண்டி வசதியாயில்லை. விற்றோர், அவர் புகாட்டி என்று பெயர் சொல்லியன்றோ வாங்கினார் என்று வாதித்தனர். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பெயர் ஒப்பந்தத்தில் இருந்தாலும், அவர் நம்பியது பெயரையன்று, விற்றோரின் சொல்லை என்று தீர்த்தது. வேறெந்த உத்தரவாதமும் இல்லை என அச்சிட்டிருந்த வாசகமும் விற்றோரைக் காக்கவில்லை. ஏனெனின், நோக்கத்திற்குத் தகுதல் என்பது வெறும் உத்தரவாதமன்று, ஒப்பந்தத்தின் அடிநிபந்தனை. பணம் திரும்பிற்று.

மறுபுறத்தையும் பார்த்தல் நீதி. 1939ஆம் ஆண்டின் கிறிபித்ஸ் எதிர் பீற்றர் கொன்வே என்னும் வழக்கில், பெண்ணொருத்தி கம்பளி மேலங்கி வாங்கி உடுத்ததால் தோல்நோயுற்றாள். ஆயின் அவள் தோல் இயல்பிற்கு மாறாக மென்மையானது. அதனை அவள் கடையிற் சொல்லவில்லை. பிறர் உடுத்தால் அவ்வங்கி தீங்கு செய்யாது. அவள் தோற்றாள். மேலங்கியின் இடத்தில் கணினியையும், மென்தோலின் இடத்தில் எம் பழைய அச்சுப்பொறியையும் வைத்துப் பாருங்கள். வீட்டிற் கிடக்கும் பழம்பொருளின் விசேட குணத்தை விற்போன் கனவிற் கண்டறிதல் வேண்டுமென நீதி எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர்மேல் யாம் கொண்ட சினம் இவ்வழக்கைப் படித்த அன்றே பாதி தணிந்தது.

இனி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கி அதனிடத்தில் வந்தது இது. விலை கொடுத்தவன் மட்டுமன்றிப் பொருளைப் பயன்படுத்துவோனும் இதன்படி பாவனையாளனே. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்திற்கு இணங்காத பொருள் பற்றி அதிகார சபைக்கு முறையிடலாம். சபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ வணிகருக்குக் கட்டளையிடலாம். வழக்குரைஞர் தேவையில்லை; கடிதம் ஒன்று போதும். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் சபையை அணுகலாம். வாங்குவோரைத் தவறான வழியிற் செலுத்தும் நடத்தையையும், பொருளின் தரம், பயன் முதலியன பற்றிய பொய்க்கூற்றையும் அச்சட்டம் தனியாகத் தடுக்கின்றது.

ஆயின் முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். விற்பனை நிகழ்ந்து மூன்று மாதத்திற்குள் செய்தல் வேண்டும். யாம் சட்டத்தைத் தேடிப் படித்தது நான்காம் மாதம். இடையிலே உயர்தரப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா. அடுத்த கிழமை பார்ப்போம் என்று நாட் கடத்தினோம். பொருள் விற்பனைச் சட்டமும் இவ்விடயத்திற் கண்டிப்பானதே: பொருளை ஆராய்ந்து பார்க்கத் தக்க அவகாசம் கொள்வோனுக்கு உண்டு, வேண்டாமென அறிவிக்காது நியாயமான காலம் கடந்து வைத்திருப்பானாயின், அவன் ஏற்றுக்கொண்டான் எனவே கருதப்படும். அதன்பின் நட்டஈடு கேட்கலாமன்றிப் பொருளைத் திருப்ப இயலாது.

பலகையைப் பற்றியும் ஒரு சொல். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பொருளைத் திருப்பும் பொதுவுரிமையை எமது சட்டம் தரவில்லை. ஆனால் பழுதுள்ள பொருளுக்கும், சொன்னதற்கு மாறான பொருளுக்கும் பலகை வேலியாகாது. அச்சிட்ட ஒரு வரியால் எல்லாப் பொறுப்பையும் கழற்றிவிடுவதை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க அநீதியான ஒப்பந்த நியதிகள் சட்டமும் கட்டுப்படுத்துகின்றது. அமெரிக்க சனாதிபதி கென்னடி 1962 மார்ச் 15இற் பாராளுமன்றத்திற்கு விடுத்த செய்தியிலே பாவனையாளரின் உரிமைகளென நான்கை எண்ணினார். அவற்றுள் ஒன்று அறிவிக்கப்பெறும் உரிமை. அந்நாளே இன்று உலகப் பாவனையாளர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அறிவிக்கப்பெறும் உரிமையின் மறுபாதி, அறிவிக்கும் கடமை. அது கொள்வோனைச் சார்ந்தது.

எவற்றை அறிவித்தல் வேண்டும்? யாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றுட் சில கூறுவாம். நினைவகத் தகட்டை வாங்கும்போது டீ.டீ.ஆர். 4 வகையினதற்குரிய இடத்தில் டீ.டீ.ஆர். 5 நுழையாது, வெட்டுக்குறியும் வேறு, மின்னழுத்தமும் வேறு. ஆர்ம் வகை முறைவழியாக்கி பூட்டிய மடிக்கணினிகள் இப்போது வருகின்றன. மின்கலம் நெடுநேரம் நிற்கும், நல்லனவே. ஆயின் பழைய அச்சுப்பொறிகளுக்கும் வருடிகளுக்கும் உரிய சிறு மென்பொருள் பல அவற்றில் இயங்கா. குரோம் வகை மடிக்கணினியில் விண்டோஸ் நிரலை நேரே நிறுவ இயலாது. மலிவைக் கண்டு வாங்கிய பெற்றோர் எம்மிடம் வந்து வருந்தியதுண்டு.

பயன்படுத்திப் புதுக்கிய கணினிகள் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும்; எம் மாணவர் பலர் வாங்குவன அவையே. விண்டோஸ் 10இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11ஓ, ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்ரெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோவான முறைவழியாக்கியையும் வேண்டுகின்றது. அவை இல்லாத கணினியிலும் குறுக்கு வழியால் விண்டோஸ் 11ஐ ஏற்றி வைக்க இயலும். கடைமேசையில் அஃது அழகாக ஓடும். மைக்ரோசொப்ட் நிறுவனம் அத்தகைய கணினிக்கு ஆதரவு அளிப்பதில்லை. இற்றைப்படுத்தல்கள் வருமென்பதற்கும் உறுதியில்லை. “விண்டோஸ் 11 ஓடும்” என்பதும் “விண்டோஸ் 11இற்குத் தகுதியுடையது” என்பதும் ஒன்றல்ல. பற்றுச்சீட்டில் இரண்டாவதை எழுதுவிப்பது நன்று. அவ்வாறு எழுதியபின் பொருள் தகுதியற்றதாயின், அது விவரத்திற்கு மாறான பொருள். சட்டத்தின் கையிற் சிக்கும்.

இதே துணிவோடு நிகழ்ந்ததொன்றை எழுதுதல் எமக்கு மகிழ்ச்சி. எம் வகுப்பு மாணவன் ஒருவன் உயர்தரத்திற் பொறியியற் தொழினுட்பவியல் கற்றான். தந்தையார் வெங்காயச் செய்கையாளர். ஒரு போகத்து வருவாயில் மகனுக்கு மடிக்கணினி வாங்கப் புறப்படுமுன் எம்மிடம் வந்து, “மாஸ்ரர், எதை வாங்கிறது?” என்றார். பட்ட மரம் நிழல் தராவிடினும் வழி காட்டும். யாம் பெயர் எதனையும் எழுதிக் கொடாது, ஒரு தாளில், “ஓட்டோகாட் வரைதல் நிரலின் அண்மைய பதிப்பை இயக்குதற்கு” என்று மாத்திரம் எழுதி, அதனைக் கடைக்காரரிடம் காட்டி, அவர் தெரிந்தெடுக்கும் பொருளின் பற்றுச்சீட்டிலும் அவ்வாறே எழுதுவிக்கும்படி சொன்னோம். கடைப் பையன் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தானாம்.

வந்த கணினியில் நினைவகம் 4 ஜி.பி.; அதுவும் பலகையோடு ஒட்டியது, கூட்ட வழியில்லை. அந்நிரலின் அண்மைய பதிப்புகள் குறைந்தது 8 ஜி.பி. கேட்பன. மாணவர்க்கு இலவசமாய்க் கிடைக்கும் அந்நிரலை ஏற்றிய அன்றே கணினி மூச்சுத் திணறிற்று. மூன்றாம் நாள் தந்தையார் கடையில் நின்றார். பலகையைக் காட்டினர். அவர் பற்றுச்சீட்டைக் காட்டினார். பெட்டியைத் திறந்துவிட்டீர்களே என்றனர். திறவாமல் எப்படிச் சோதிப்பது என்றார். முதலாளி இல்லை, நாளை வாருங்கள் என்றனர். மறுநாள் அவர் வெறுங்கையோடு செல்லவில்லை. பொருளை வாங்கிய திகதி, கூறிய நோக்கம், கண்ட குறை, வேண்டுவது யாது என நான்கே செய்தி கொண்ட கடிதம் ஒன்றை மகன் எழுத, யாம் எழுத்துப்பிழை திருத்தினோம். படியொன்றில் கடையின் முத்திரையும் கையொப்பமும் கேட்டார். கீழே, தீராவிடின் அதிகார சபைக்கு முறையிடப்படும் என்று இருந்தது. முதலாளி அதனை இருமுறை வாசித்து, “அண்ணை, இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றாராம். முதலே சொன்னதுதான் பற்றுச்சீட்டில் இருந்தது. சிறிது பணம் கூடக் கொடுத்து 8 ஜி.பி. கணினி மாற்றிக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டில் அம்மாணவன் தன் செயற்றிட்ட வரைபடங்களை அதிலேயே வரைந்தான்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. அன்பு மிகுதியாற் கணினிகளை அங்கே வாங்கிக் கப்பலில் அனுப்புகின்றீர்கள். ஐக்கிய இராச்சியத்தின் 2015ஆம் ஆண்டுப் பாவனையாளர் உரிமைச் சட்டம், பழுதுள்ள அல்லது விவரத்திற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் மறுத்துப் பணம் பெறும் உரிமையைத் தருகின்றது. இணையவழி வாங்கியதாயின், 14 நாளுக்குள் காரணம் கூறாமலே ஒப்பந்தத்தை விலக்கலாம். நல்ல உரிமைகள். பெட்டி யாழ்ப்பாணம் வந்து, பாடசாலை விடுமுறை முடிந்து, திறக்கப்படும்போது அந்நாட்கள் கழிந்துவிடும். ஆதலின் அனுப்புமுன் அங்கேயே திறந்து சோதியுங்கள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, எமது 230. மடிக்கணினியின் மின்னேற்றி பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். மேசைக் கணினியின் மின்வழங்கி சிலவற்றில் ஒரு சிறு ஆளியை மாற்றுதல் வேண்டும். மாற்றாது சொருகினால் புகையே கைம்மாறு. அதனினும் மேலாக, அனுப்புமுன் எம்மைக் கேளுங்கள். எங்கள் அச்சுப்பொறி எது, எந்நிரல் நடக்கின்றது என்பதைத் தெரிவிப்போம். பொருளை விடப் பணமாக அனுப்புவது பல வேளைகளில் நன்று. இங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே முறையிடலாம்.

எம் கணினியின் செய்தி யாதாயிற்று என்று கேட்பீர்கள். அது நூலகத்தில் இருக்கின்றது. நூற்பட்டியல் முழுவதும் அதில் ஏறியுள்ளது. மாணவர் வரிசையில் நின்று பயன்படுத்துகின்றனர். புள்ளித்தொகுப்பைத் தொழினுட்பப் பிரிவு மாணவர் இருவர் விரிதாளிற் புதிதாக அமைத்துத் தந்தனர். பழைய நிரலை எழுதியவர் அதனைக் கேட்டு மகிழ்ந்து, இதுவரை ஓடியதே அதிசயம் என்று மறுமொழி எழுதினார். புதிய அச்சுப்பொறிக்கான செலவை ஆசிரியர் நலன்புரிக் கழகம் ஏற்றது. அதில் ஒரு பங்கு எம் சம்பளத்தினின்று சென்றது; அது வேண்டியதே.

பழைய அச்சுப்பொறி ஆசிரியர் அறை மூலையில் இருக்கின்றது. மை உண்டு, உருளை நன்றாய்ச் சுழலும், பழுது ஒன்றுமில்லை. 32 பிட் விண்டோஸ் உடைய பழைய கணினி வைத்திருப்போர் எவரேனும் கேட்பின் கொடுப்போம். என்ன நோக்கத்திற்கு என்பதை எழுத்திற் தந்துவிட்டு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.